விளம்பர மெயில் வெள்ளம்: அன்சப்ஸ்கிரைபா, ஃபில்டரா, தனி முகவரியா?

திருப்பூரில் ஒரு நடுத்தர எக்ஸ்போர்ட் ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் மெயிலைத் திறந்தால் எம்பிராய்டரி மெஷின் ஆஃபர், லோன் ஆஃபர், கண்காட்சி அழைப்பு, ஆடித் தள்ளுபடி எல்லாம் வரிசை கட்டி நிற்கின்றன. நடுவே பையர் போட்ட ஒரு வரி: ‘லேப் டிப் ஓகே’ (மாதிரிக்குச் சாயமிட்டு அனுப்பிய துணித் துண்டின் நிறம் சரி). அது கண்ணில் படாவிட்டால் டையிங்குக்குப் போக வேண்டிய துணி அப்படியே கிடக்கும். குப்பையை அள்ள நாலைந்து வழி இருக்கிறது. நமக்கு அளவுகோல் ஒன்றுதான்: இந்த ஒரு வரியையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகாத வழி எது?

முதலில் அன்சப்ஸ்கிரைப், அதாவது மெயில் பட்டியலில் இருந்து விலகுவது. 2024 பிப்ரவரியில் இருந்து ஜிமெயிலும் யாகூவும் மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்பும் நிறுவனம், விளம்பர மெயிலில் ஒரே கிளிக்கில் விலகும் வசதி தர வேண்டும். விலகச் சொன்னால் 2 நாளில் நிறுத்த வேண்டும். 2025 ஜூலையில் ‘மேனேஜ் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ என்ற பக்கத்தையும் ஜிமெயில் கொண்டுவந்தது. இடப்பக்க மெனுவில் இருக்கும். அதிகமாக அனுப்புகிறவர் மேலே வருவார். மேலிருந்து இருபது பேரை நீக்கினாலே பாதிப் பாரம் இறங்கிவிடும்.

இதில் இரண்டு சிக்கல். ஒரே கடை ‘ஆஃபர்’, ‘புது வரவு’, ‘கார்ட்டில் விட்டுப்போன பொருள்’ என்று மூன்று நான்கு பட்டியல் வைத்திருக்கும். ஒன்றில் விலகினால் மற்றது வந்துகொண்டே இருக்கும். இரண்டாவது, யாரென்றே தெரியாதவர் அனுப்பும் மெயிலின் அடியில் இருக்கும் அன்சப்ஸ்கிரைப் லிங்க். அதை அழுத்தினால் ‘இந்த முகவரியில் ஆள் இருக்கிறது’ என்று நாமே சொல்லிக்கொடுத்தது போல் ஆகும். அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்தில் ஜிமெயிலே காட்டும் பட்டனை மட்டும் அழுத்துங்கள். அது இல்லாத அந்நிய மெயிலுக்கு ‘ரிப்போர்ட் ஸ்பேம்’ போதும். பிளாக் செய்தாலும் அது ஸ்பேமுக்குத்தான் போகும், 30 நாளில் அழியும். ஆனால் பத்து மெயிலை ஒன்றாக டிக் செய்து ஸ்பேம் அடிக்கிற பழக்கம் மட்டும் வேண்டாங்க. அதில் சரக்கைக் கப்பலேற்றித் தரும் ஃபார்வர்டிங் ஏஜென்ட்டின் மெயில் ஒன்று மாட்டினால், அவர் அடுத்து அனுப்பும் பி.எல். (கப்பல் சரக்கு ரசீது) டிராஃப்டைத் தேடி ஸ்பேமுக்குள் போக வேண்டி வரும்.

வீட்டு மெயிலுக்கு இவ்வளவே போதும். ஆபீஸ் மெயிலுக்கு எங்கள் ஓட்டு, வரும் மெயிலைத் தானாகப் பிரித்து வைக்கும் ஃபில்டருக்குத்தான். கண்காட்சி அழைப்பும் நூல் விலைச் செய்தியும் அடியோடு வேண்டாம் என்று சொல்ல முடியாது, சமயத்தில் தேவைப்படும். நெல்லை முறத்தில் புடைத்தாலும் பதரைத் தனியாக ஒதுக்கித்தான் வைப்பார்கள், உடனே தீ வைப்பதில்லை.

ஃபில்டரை ஜிமெயிலின் மொபைல் ஆப்பில் உருவாக்க முடியாது. கம்ப்யூட்டரில் உட்கார வேண்டும். தேடல் பெட்டியின் வலது ஓரக் குறியை அழுத்தி, ‘ஹேஸ் த வேர்ட்ஸ்’ கட்டத்தில் அன்சப்ஸ்கிரைப் என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டுங்கள். உடனே ஃபில்டர் போட்டுவிடாதீர்கள். முதலில் ‘சர்ச்’ அழுத்தி, வரும் முடிவுகளில் இரண்டு மூன்று பக்கம் பொறுமையாகப் பாருங்கள். கூரியர் டிராக்கிங், பேங்க் ஸ்டேட்மென்ட், இன்சூரன்ஸ் புதுப்பிப்பு, விலை விசாரிக்கும் மெயில்கள் எல்லாம் அதில் தலைகாட்டும், ஏனென்றால் அவற்றின் அடியிலும் அந்தச் சொல் இருக்கும். தலைகாட்டும் வேண்டியவர்களைக் கழித்துவிட வேண்டும்: அதே கட்டத்தில் ஒரு இடைவெளி விட்டு, கழித்தல் குறி, ஒட்டியே ஆங்கிலத்தில் ‘ஃப்ரம்’, முக்காற்புள்ளி, அடைப்புக்குறிக்குள் பையர், பேங்க், ஃபார்வர்டர் டொமைன்கள் (மெயில் முகவரியில் ‘அட்’ குறிக்குப் பின்னால் வரும் பகுதி). இடையில் ‘ஆர்’ என்பதைப் பெரிய எழுத்தில் போடாவிட்டால் வேலை செய்யாது. அரசு மெயிலுக்கு ‘ஜிஓவி டாட் இன்’ டொமைனையும் சேருங்கள். ரிசர்வ் பேங்க் உத்தரவுப்படி வங்கிகள் ‘பேங்க் டாட் இன்’ டொமைனுக்கு மாற 2025 அக்டோபர் 31 கெடுவாக இருந்தது. பழைய ஃபில்டர் வைத்திருப்பவர்கள் புது டொமைனைச் சேர்த்தாயிற்றா என்று ஒரு தரம் பார்த்துக்கொள்வது நல்லது.

அதன் பிறகு ‘கிரியேட் ஃபில்டர்’. ‘ஸ்கிப் த இன்பாக்ஸ்’, ‘அப்ளை த லேபிள்’ இரண்டையும் டிக் செய்து ‘பிறகு பார்’ என்று ஒரு லேபிள் கொடுங்கள். ‘டிலீட் இட்’ பக்கமே போகாதீர்கள்: தப்பாக மாட்டிய மெயில் ட்ராஷுக்குப் போய் 30 நாளில் காணாமல் போகும். பையருக்குத் தனியாக ‘நெவர் சென்ட் இட் டு ஸ்பேம்’ ஃபில்டர் போட்டிருக்கிறோமே, அது காப்பாற்றும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். ஜிமெயிலில் ஒரு ஃபில்டர் இன்னொன்றை ரத்து செய்யாது. ஒரு மெயிலுக்குப் பொருந்தும் எல்லா ஃபில்டரும் சேர்ந்தே வேலை செய்யும். அதனால்தான் குப்பை ஃபில்டருக்குள்ளேயே கழித்தல் வேண்டும் என்கிறோம். முதல் இரண்டு வாரம் பொழுது சாயும் நேரத்தில் அந்த லேபிளை ஒருமுறை திறந்து பாருங்கள்.

கம்பெனிப் பெயரிலேயே டொமைன் வாங்கி, அவுட்லுக்கில் பாப் முறையில் (சர்வரில் இருந்து கம்ப்யூட்டருக்கு) மெயில் இறக்கும் ஆபீஸ்கள் நம் பக்கம் நிறைய. அங்கே அவுட்லுக்கில் போடும் ரூல், அந்தக் கம்ப்யூட்டரில் அவுட்லுக் திறந்திருந்தால்தான் ஓடும். முதலாளியின் போனில் எல்லாம் வந்து கொட்டும். அதற்கு ஹோஸ்டிங் நிறுவனம் தரும் சி-பேனல் என்ற நிர்வாகப் பக்கத்தில் ‘ஈமெயில் ஃபில்டர்ஸ்’ பகுதியில் போட்டால் சர்வரிலேயே பிரிந்துவிடும்.

இனி வருவதைத் தடுக்க முகவரி வழி. மேய்ச்சல் நிலமான கொறங்காட்டுக்குக் கிளுவை வேலி போடுகிற மாதிரி இது: ஆடு உள்ளே வந்த பிறகு போட்டுப் பயனில்லை. ஜிமெயில் முகவரியில் ‘அட்’ குறிக்கு முன்னால் ஒரு ப்ளஸ் போட்டு எந்தச் சொல்லையும் சேர்க்கலாம். மெயில் அதே பெட்டிக்கு வரும். கோவை கொடிசியா அரங்கில் ஒரு கண்காட்சிக்குப் பதியும்போது ப்ளஸ் எக்ஸ்போ என்று கொடுத்தால், பின்னால் வருகிற அத்தனையையும் அந்த ‘டு’ முகவரியை வைத்தே ஒதுக்கிவிடலாம். யார் கைக்கு முகவரி போனது என்பதும் தெரிந்துபோகும். குறை என்னவென்றால், பல தளங்கள் ப்ளஸ் குறியை ஏற்காது. கண்காட்சிக்கும் ஆன்லைன் கடைக்கும் தனி ஜிமெயில் வைப்பது இன்னும் சுத்தம். ஆனால் அதை வாரம் ஒருமுறையாவது திறக்க ஆள் வேண்டும்.

ஒரே தட்டில் சுத்தம் செய்து தருகிறோம் என்று சொல்லும் வெளி ஆப்களுக்கு மொத்த மெயிலையும் படிக்க அனுமதி கொடுக்க வேண்டும். அன்ரோல்மீ என்ற சேவை பயனாளரின் ரசீது மெயில்களை எப்படிப் பயன்படுத்தியது என்பது குறித்து அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2019-ல் நடவடிக்கை எடுத்தது. பையருக்குக் கொடுத்த விலைக் கொட்டேஷன் இருக்கும் மெயில்பெட்டிக்கு இது ஆகாது. ஏற்கெனவே கொடுத்திருந்தால் கூகுள் அக்கவுண்டின் செக்யூரிட்டிப் பக்கத்தில் வெளி ஆப்களுக்கான இணைப்பைத் திறந்து நீக்குங்கள்.

பழைய குப்பை தனிக்கதை. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து இலவச இடம் 15 ஜிபி. நிரம்பினால் மெயில் வருவதே நின்றுவிடும். புரமோஷன்ஸ் டேபைத் திறந்து மேல் கட்டத்தை டிக் செய்தால் அந்தப் பக்கத்தில் இருக்கும் 50 மட்டும்தான் தேர்வாகும். மேலே தோன்றும் ‘செலக்ட் ஆல்’ வரியையும் அழுத்தினால்தான் மொத்தமும் வரும். இடம் மட்டும்தான் பிரச்சினை என்றால் இதைவிட, தேடலில் ‘சைஸ்’ கட்டத்தில் 10 எம்பிக்கு மேல் என்று கொடுத்துப் பாருங்கள். விளம்பர மெயில் எடை குறைவு; இடத்தைத் தின்பது பழைய டெக் பேக்கும் (ஆடையின் அளவு, தையல் விவரக் கோப்பு) ஆர்ட்வொர்க்கும்தான்.