காளான் தூள் மூட்டையோடு ஒருவர் வருகிறார், கவனம்

மியான்மரில் யாங்கோனை அடுத்த கயான், தொங்குவா, துவாந்தே பக்கம் மீன் குளம் வைத்திருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். மீனுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி தரும் காளான் தூள் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருகிறார். நல்ல தமிழ் பேசுகிறார். பெரியவர்களை 'மாமா' என்று கும்பிடுகிறார். பீலிக்கான் கோவில் திருவிழாவில் அன்னதானத்துக்கு அரிசி கொடுத்த கதையும் சொல்கிறார். கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள், மூட்டையை இறக்கவிடாதீர்கள்.

கடலைப் புண்ணாக்கைப்போல் பல மடங்கு விலை. தவிட்டோடு பத்தில் ஒரு பங்கு கலக்கச் சொன்னார். "சுண்ணாம்பு வேண்டாம், தண்ணீர் மாற்ற வேண்டாம், வந்த புண்ணும் தானாக ஆறிவிடும் மாமா" என்றார். நம்பி வாங்கிப் போட்டோம். குளிர் தொடங்கியதும் ரோகு மீன்கள் செதில் உதிர்ந்து, வயிற்றில் சிவந்த புண்ணோடு கரை ஒதுங்கின. மற்றவை விடியற்காலையில் மேலே வந்து வாயைப் பிளந்தன. தூள் படிந்த மூலையில் தண்ணீர் நாறியது. புண் இல்லாதவற்றை அவசரமாகப் பிடித்து யாங்கோன் சான்பியா மீன் சந்தைக்கு அனுப்பினோம். அவசரத்துக்கு விற்கிறவனுக்கு அங்கே என்ன விலை தருவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

காளான்மீது எனக்குக் கோபமில்லை. சிப்பிக் காளான் போன்றவற்றின் செல் சுவரில் பீட்டா குளூக்கான் என்ற பொருள் இருக்கிறது. மீனின் இரத்த வெள்ளணுக்கள் அதைக் கண்டதும் ஏதோ பூஞ்சை உள்ளே வந்துவிட்டது என்று எண்ணி விழித்துக்கொள்கின்றன. ரோகு, திலேப்பியா மீன்களுக்கு அதைக் கொடுத்து ஆராய்ந்தவர்கள், புண் நோய் உண்டாக்கும் ஏரோமோனாஸ் பாக்டீரியாவை அவை கூடுதலாகத் தாங்கியதைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் அது நோய் வருமுன் கொடுப்பது. நோய் முற்றிய மீன் தீவனத்தைத் தொடாது; தொடாத தீவனத்தில் அமிர்தத்தைக் கலந்தால்தான் என்ன? தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் அதைச் சரிசெய்யும் வேலையும் காளானுடையது அல்ல.

அளவைக் கவனியுங்கள். தூய பீட்டா குளூக்கானை ஆய்வுகளில் பெரும்பாலும் தீவனத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே சேர்க்கிறார்கள். பத்தில் ஒரு பங்கு கொட்டச் சொன்னால் மூட்டை சீக்கிரம் காலியாகும், அடுத்த மூட்டை விற்கும்.

பெரிய தந்திரம் மூட்டையின்மேல் இருந்த எழுத்தில்தான். 'பாலிசாக்கரைடு 60 சதவீதம்' என்று போட்டிருந்தது. அது பொய்யே அல்ல என்பதுதான் வயிற்றெரிச்சல். பல சர்க்கரைத் துணுக்குகள் சங்கிலியாகக் கோத்த பொருள் எல்லாமே பாலிசாக்கரைடுதான்; பீட்டா குளூக்கான் அதில் ஒரு வகை, அரிசி மாவின் மாச்சத்தும் இன்னொரு வகை! தானியத்தில் காளான் இழையை வளர்த்து, தானியத்தோடு சேர்த்தே அரைத்து, காளான் என்று விற்பதும் உண்டு. அதிலும் மிஞ்சுவது பெரும்பாலும் மாச்சத்தே. ஆகவே மொத்தப் பாலிசாக்கரைடு எவ்வளவு என்பதை விட்டுவிட்டு, பீட்டா குளூக்கான் தனியாக எவ்வளவு என்று கேளுங்கள். பரிசோதனைச் சான்று காட்டாதவரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம்.

என் தங்கை மகன் பள்ளியில் படித்ததை வைத்து ஒரு வேலை செய்தான். ஒரு சிட்டிகைத் தூளை வெந்நீரில் கரைத்து, ஆறியதும் மருந்துக்கடை அயோடினை ஒரு சொட்டு விட்டான். மை கொட்டியதுபோல் கருநீலமாகிவிட்டது. காளானில் மாச்சத்து கிடையாது. தூளில் காளான் மட்டும் இருந்தால் அந்த நிறம் வராது. மிச்சத்தைக் கண்ணாடிக் குவளையில் கலக்கி வைத்தோம். மேலே மரத்தூள் மிதந்தது, அடியில் வைக்கோல் துணுக்குகள் படிந்தன. காளான் அறுவடை முடிந்தபின் தூக்கி எறியும் மரத்தூள், வைக்கோல் படுகையைக் காயவைத்து அரைத்து, கொஞ்சம் மாவும் மணத்துக்குக் கருவாட்டுத் தூளும் சேர்த்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

விற்றவரைத் தொலைபேசியில் கேட்டதற்கு, "உங்கள் குளத்து மண் சரியில்லை மாமா" என்று பதில் வந்தது. அதன்பின் அந்த எண் வேலை செய்யவில்லை. இப்போது மௌபின் பக்கம் வேறு பெயரில் விற்கிறார் என்று கேள்வி. பெயரை மாற்றினாலும் மூட்டையை மாற்றியிருக்க மாட்டார்: பச்சை நிறம், ஒரு பக்கம் காளான் படம், தயாரித்தவரின் முகவரி எங்கும் இல்லை, தேதி ரப்பர் முத்திரையில். ஈர விரலால் தேய்த்தால் தேதி அழிந்துவிடும்.