பேக்கப் ஓடுகிறது என்று சொன்னால் போதாது, திறந்து காட்டச் சொல்லுங்கள்

திருப்பூரில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி ஜாப் ஒர்க் செய்கிறேன். மெஷின் இரண்டு, ஆபீஸ் சிஸ்டம் ஒன்று. டேலி கணக்கும் பத்து வருடத்து டிசைன் ஃபைல்களும் அந்த ஒரே சிஸ்டத்தில்தான் இருந்தன. 2023 செப்டம்பர் 4, திங்கட்கிழமை காலை அவ்வளவும் பூட்டிக்கொண்டது. சிறு கம்பெனி நடத்துபவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

அன்று கணக்குப் பார்க்கும் அக்கா டேலியைத் திறந்தார். கம்பெனி பெயரே வரவில்லை. ஃபோல்டரைப் பார்த்தால் ஒவ்வொரு ஃபைல் பெயருக்குப் பின்னாலும் புதிதாக நாலு எழுத்து ஒட்டியிருந்தது. கூடவே ரீட்மீ என்று ஒரு ஃபைல். ஃபைல்களைப் பூட்டிவிட்டோம், திறக்க 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் பேசினால் 490 என்று அதில் இருந்தது.

ஏஎம்சி, அதாவது சிஸ்டத்தின் வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் பார்ப்பவருக்குப் போன் செய்தேன். வருடக் கட்டணம் தனி, பேக்கப்புக்கு மாதம் 500 ரூபாய் தனி என்று இரண்டரை வருடமாக வாங்குகிறவர். "ஒண்ணும் பயப்படாதீங்கண்ணா, டெய்லி பேக்கப் ஓடிட்டுத்தானே இருக்கு, ஃபார்மேட் பண்ணிப் போட்டுத் தந்தர்றேன்" என்றார். வரும்போதே கையில் விண்டோஸ் பென் டிரைவ். "முதல்ல பேக்கப்பைக் காட்டுங்க தம்பி, அப்புறம் அழிக்கலாம்" என்று அக்கா மறித்தார். அவர் அன்று மறிக்காமல் விட்டிருந்தால் அந்த ரீட்மீ ஃபைல்கூட எங்களிடம் இருந்திருக்காது.

முதலில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். அதை வாங்கிய நாளிலிருந்து சிபியுவின் பின்னால் செருகியபடியே வைத்திருந்தார். வைரஸுக்கு அது இன்னொரு டிரைவ், அவ்வளவுதான். அதிலும் அதே நாலு எழுத்து.

அடுத்து கூகுள் டிரைவ். அங்கே தேதி வாரியாக ஃபோல்டர்கள், கடைசியாக செப்டம்பர் 2. அப்பாடா என்று எல்லோரும் உட்கார்ந்தோம். என் லேப்டாப்பில் இறக்கி டேலியில் திறந்தால் கடைசி வவுச்சர் 2021 மார்ச்! அந்த வருடம்தான் டேலியின் பழைய பதிப்பான ஈஆர்பி 9-லிருந்து புதிய பதிப்பான பிரைமுக்கு மாறினோம். பிரைம் தன் டேட்டாவை வேறொரு ஃபோல்டரில் வைக்கும். பேக்கப் செட்டிங்கை யாரும் மாற்றவில்லை. யாரும் தொடாத பழைய ஃபோல்டரையே அது தினமும் காப்பி எடுத்து, தினமும் 'வெற்றிகரமாக முடிந்தது' என்று மெயில் அனுப்பியிருக்கிறது. அந்த மெயிலை நானும் தினமும் பார்த்தேன்.

டிசைன்கள் நிலைமை இன்னும் மோசம். மாதம் 500 வாங்கியது கூகுள் எல்லோருக்கும் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடத்துக்கு. டிசைன் ஃபோல்டருக்கு அந்த இடம் எப்படிப் போதும்? பாதியிலேயே நின்றுவிட்டது, சொல்ல ஆளில்லை. ஒப்பந்தத்தாளை எடுத்துப் பார்த்தால் 'பேக்கப் சப்போர்ட்' என்று இரண்டே வார்த்தைகள். எதை, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எங்கே வைப்பது, போனால் எத்தனை மணி நேரத்தில் மீட்டுத் தருவது, எதுவுமே இல்லை.

வைரஸ் எப்படி வந்தது என்பதும் பிறகு தெரிந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஏஎம்சிக்காரர் அனுப்பிய பையன் ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு ஒரு பிடிஎஃப் எடிட்டரை, காசு கட்டாமல் ஓடவைக்கும் கிராக் போட்டு ஏற்றியிருக்கிறான். வந்தது டிஜேவியு என்கிற வகை. அது பெரும்பாலும் பரவுவதே இப்படிப்பட்ட கிராக் வழியாகத்தான். கேட்டதற்கு, "நீங்கதானேண்ணா சாஃப்ட்வேர் கேட்டீங்க" என்றார்.

அந்தப் பதற்றத்தில் கோயம்புத்தூரில் ஒரு டேட்டா ரிகவரி கடைக்குப் போனேன். "நூறு சதவீதம் எடுத்துடலாம் சார்" என்று 15,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கினார்கள். பத்து நாள் கழித்து 85,000 ஆகும் என்றார்கள். அதற்குள் நண்பரின் மகன், இப்படிப் பூட்டப்பட்ட ஃபைல்களைத் திறக்க உதவும் 'நோ மோர் ரேன்சம்' தளத்தைக் காட்டினான். டச்சுப் போலீஸும் ஐரோப்பியப் போலீஸ் அமைப்பான யூரோபோலும் சேர்ந்து 2016-ல் தொடங்கியது, முழுக்க இலவசம். இந்த வகை வைரஸில், ரீட்மீ ஃபைலில் உள்ள ஐடி 't1' என்று முடிந்தால் பூட்டைத் திறக்கும் சாவி கிடைக்க வழி உண்டு. இல்லையென்றால் இப்போதைக்கு வழியில்லை. எங்கள் ஐடியின் கடைசியில் அது இல்லை. ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லக்கூடிய விஷயம் இது. அட்வான்ஸ் இன்றுவரை திரும்பவில்லை. சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன்.

கணக்கை மீட்டது ஆடிட்டர் ஆபீஸ். மார்ச் 31 வரையிலான டேட்டா அவர்களிடம் இருந்தது. ஏப்ரல் முதல் ஜூலை வரை ஜிஎஸ்டி போர்ட்டலில் நாங்களே தாக்கல் செய்ததை இறக்கினோம். ஆகஸ்டுக்கு டெலிவரி சலான் புத்தகத்தின் கார்பன் காப்பிதான். அக்காவும் என் மனைவியும் விடிய விடிய ஏற்றி, 11-ம் தேதி இரவு விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 போட்டார்கள். ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யும் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்பது ஜிஎஸ்டி சட்டம். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நாம்தான், ஏஎம்சிக்காரர் வரமாட்டார்.

டிசைன்களில் பாதியைக் காப்பாற்றியது மெஷினுக்கு டிசைன் கொண்டுபோகும் பழைய பென் டிரைவ்கள். மேஜை டிராயரில் பதினொன்று கிடந்தன. ஆனால் மெஷின் படிக்கும் டிஎஸ்டி ஃபைலில் தையல் மட்டும்தான் இருக்கும், நூல் கலர் இருக்காது. அப்ரூவல் துணித் துண்டுகளைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கலராகப் பொருத்தினோம்.

இப்போது இரண்டு ஹார்ட் டிஸ்க், வாரம் மாற்றி வாரம். ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கும், காப்பி முடிந்ததும் கழற்றிவிடுவோம். காசு கட்டிய கிளவுட் தனி. மாதத்தின் முதல் சனிக்கிழமை அந்தக் காப்பியை வேறொரு லேப்டாப்பில் திறந்து, கடைசி பில் நம்பரை பில் புக்கோடு ஒத்துப் பார்க்கிறோம். உங்கள் ஏஎம்சிக்காரரையும் இந்த வாரமே கூப்பிட்டு, உங்கள் கண்முன்னால் இப்படித் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு டிசைன் ஃபைலையும் சேர்த்துத் திறக்கச் சொல்லுங்கள். "நாளைக்குப் பார்க்கலாம்ணா" என்று இழுத்தால் பணம் கொடுப்பதை நிறுத்துங்கள்.

போன வாரம் ஒரு பார்ட்டி 2019-ல் போட்ட ஸ்கூல் லோகோவுக்கு ரீஆர்டர் கொடுத்தார். ஃபைல் இல்லை. அவர் வீட்டுப் பையனின் பழைய சட்டையை வாங்கி வந்து, டிசைனைத் தையல் ஃபைலாக்கும் பஞ்சிங் ஆளிடம் கொடுத்திருக்கிறேன். லோகோவில் கரண்டி மாதிரி தெரியும் விளக்கின் விளிம்பில் நூல் பிரிந்துபோயிருக்கிறது. பழைய தையல் எத்தனை என்று பஞ்சிங் ஆளும் பூதக்கண்ணாடி வைத்து எண்ணிக்கொண்டிருக்கிறார்.