2016 மதுவிலக்கு வாக்குறுதிகள்: மூன்று வேட்பாளர்கள், ஒரு கடை

2016 சட்டமன்றத் தேர்தலின்போது எங்கள் தெருவுக்கு மூன்று வேட்பாளர்கள் ஓட்டுக் கேட்டு வந்தார்கள். மூன்று பேரிடமும் எதிர்வீட்டு அக்கா ஒரே கேள்வியைத்தான் கேட்டார். "தம்பி, பஸ் நிறுத்தத்துப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கடை எப்போது போகும்?" அவர் எந்தக் கடையைச் சொல்கிறார் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மாலையில் பள்ளி விட்டதும் பெண்பிள்ளைகள் சாலையின் மறுபக்கம் ஒதுங்கி நடப்பதைப் பார்த்தாலே போதும், கடை எங்கே இருக்கிறது என்று வெளியூர்க்காரருக்கும் தெரிந்துவிடும்.

அ.தி.மு.க. வேட்பாளர் "படிப்படியாகப் போகும் அக்கா" என்றார். தி.மு.க. வேட்பாளர் "கலைஞர் வந்ததும் சட்டமே வரும்" என்றார். பா.ம.க. வேட்பாளர், "முதல் கையெழுத்தே அதற்குத்தான்" என்று கையெழுத்துப் போடுவதுபோல் காற்றில் விரலை அசைத்தும் காட்டினார். மூவரும் தலைமை சொன்னதைத்தான் ஒப்பித்தார்கள். அதனால் தலைமைகள் சொன்னதையே எடைபோடுவோம்.

பா.ம.க.வின் பேச்சில் வளைவு நெளிவு கிடையாது. முதலமைச்சர் வேட்பாளர் அன்புமணி பதவியேற்ற அன்றே முழு மதுவிலக்கு. மற்றவர்கள் இதைப் பேசத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே பேசிவரும் கட்சி என்பதால், தேர்தலுக்காகச் சொல்கிறார்கள் என்று தள்ளிவிட முடியாது. மதுவால் அரசுக்கு அப்போது ஆண்டுக்கு 25,000 கோடி ரூபாய்க்கு மேல் வந்துகொண்டிருந்தது. அந்தப் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்ற கேள்விக்கும், மணல், கிரானைட் போன்ற கனிம வருவாய் என்று ஒரு பதிலாவது வைத்திருந்தார்கள். பதில் போதுமானதா என்பது வேறு விஷயம். தனித்து நின்று ஓரிடத்திலும் வெல்லவில்லை. அன்புமணியே பென்னாகரத்தில் தோற்றார்.

தி.மு.க. 2015 ஜூலையிலேயே, ஆட்சிக்கு வந்தால் மதுவிலக்கு என்று அறிவித்துவிட்டது. தேர்தல் அறிக்கையிலும் சட்டம் கொண்டுவருவோம் என்றது. கேட்பதற்கு உறுதியான சொல்தான். ஆனால் 1971இல் மதுவிலக்கைத் தளர்த்தியதும், 1974இல் மீண்டும் கொண்டுவந்ததும் கருணாநிதியின் ஆட்சிதான். இதை நினைவில் வைத்திருந்த பெரியவர்கள் எங்கள் தெருவில் பாதிப் பேர். அவர்களிடம் இந்த வாக்குறுதி எடுபடவில்லை. 2021 தேர்தல் அறிக்கையில் முழு மதுவிலக்கு இடம்பெறவில்லை என்பதைப் பார்க்கும்போது, பெரியவர்கள் சந்தேகப்பட்டதில் தப்பில்லை என்று படுகிறது.

மூன்றிலும் வீம்பில்லாதது ஜெயலலிதாவினுடையது. 2016 ஏப்ரலில் சென்னைத் தீவுத்திடல் கூட்டத்தில் அவர் வரிசை போட்டுச் சொன்னார்: முதலில் கடை திறந்திருக்கும் நேரம் குறையும், பிறகு கடைகளின் எண்ணிக்கை குறையும், பார்கள் மூடப்படும், குடிக்கு அடிமையானவர்களுக்கு மீட்பு மையங்கள் வரும். கடைசிப் படி எந்த ஆண்டு என்று மட்டும் சொல்லவில்லை. "இது வாக்குறுதியா, வாய்தாவா?" என்று நானும் கேலி பேசியவன்தான்.

ஆனால் சோதித்துப் பார்க்க முடிந்ததும் இது ஒன்றைத்தான். மே 23 அன்று பதவியேற்றவர் அன்றே 500 கடைகளை மூட உத்தரவிட்டார். காலை 10 மணிக்குத் திறந்த கடைகள் பகல் 12 மணிக்குத்தான் திறக்கும் என்றார். அவர் மறைந்தபின் 2017 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி இன்னொரு 500 கடைகளை மூடினார். படிக்கட்டு அதோடு நின்றது. வீம்பான இரண்டு வாக்குறுதிகளுக்கும் இந்தச் சோதனை வரவே இல்லை. ஆட்சி கிடைத்திருந்தால் செய்திருப்பார்களா என்று கேட்டு என்ன பயன்?

தே.மு.தி.க., மக்கள் நலக் கூட்டணியும் மதுவிலக்கு என்றுதான் சொன்னார்கள். புதிதாக ஒன்றுமில்லை.

எனக்கு உறுத்தியது வேறு. 2015 ஜூலை 31 அன்று குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடி உயிர்விட்ட காந்தியவாதி சசிபெருமாள், அன்று கேட்டது ஒரு கடையை அந்த இடத்திலிருந்து அகற்ற வேண்டும் என்பதை. எதிர்வீட்டு அக்கா கேட்டதும் அதே. மூன்று வேட்பாளர்களும் சொன்ன பதில் மாநிலம் முழுவதற்குமானது. கடை எங்கே இருக்கலாம் என்பதற்கு விதி இருக்கிறது: பள்ளி, வழிபாட்டுத் தலங்களிலிருந்து மாநகராட்சி, நகராட்சிகளில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர். அந்தத் தூரத்தைக் கூட்டுவேன் என்றோ, ஆட்சியரிடம் மனுக் கொடுத்து இந்தக் கடையை மாற்ற வைப்பேன் என்றோ மூவரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. முழு மதுவிலக்குக்கு அது தேவைப்படாது என்பார்கள். முழு மதுவிலக்கு வரும்வரை அந்தப் பிள்ளைகள் எந்தப் பக்கம் நடப்பது?

கடைசியில் கடை போனது உண்மைதான். தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2017 ஏப்ரல் முதல் தேதி தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் அதிகமான கடைகள் பூட்டப்பட்டன. எங்கள் ஊரின் மூன்று வேட்பாளர்களுக்கும் அதில் பங்கில்லை.

ஒரு மாதம் கழித்து அதே கடை ஊருக்குப் பின்னால் வயலோரம் தகரக் கொட்டகையில் திறந்தது. பள்ளியின் பின்வாசலிலிருந்து என் காலடிக் கணக்கில் நூறு மீட்டருக்குக் கொஞ்சம்தான் கூடுதல். அந்த வருடம் நடவுக்கு இறங்கிய பெண்கள் முதல் நாள் முழுவதும் நாற்று நடவில்லை. சேற்றுக்குள் கைவிட்டு உடைந்த பாட்டில் துண்டுகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்காவும் அதில் ஒருவர்.