பூசணிக் கொல்லையில் நான்கு வருடப் புல்கொல்லி: புல் போனது, கோரை வந்தது

போன ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் தோட்டத்தில் அடுத்த பாத்தி வைத்திருக்கும் அக்கா கேட்டார்: "தம்பி, உங்க மச்சான் கொல்லையில பூசணிக்கு அடிக்கிற மருந்து நல்லா கேக்குதாமே. அடுத்த தடவ வர்றப்ப ஒரு சின்ன போத்தல்ல ஊத்திக் கொண்டாந்து குடுங்களேன்." எனக்கு உடனே பதில் வரவில்லை. "கேக்குதுக்கா, ஆனா..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் நான்கு வருடக் கதை இருக்கிறது. தண்ணீர்க் குழாயடியில் நின்று சொல்லி முடிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

மச்சானுக்கு மலேசியாவில், ஜொகூர் மாநிலம் கூலாய் பக்கம் இரண்டு ஏக்கர் நிலம். அதில் ஒரு ஏக்கர் மஞ்சள் பூசணி. மாதத்தில் இரண்டு சனிக்கிழமையாவது விடியுமுன் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டிப் போய்விடுவேன். மருந்து அடிக்கிற வேலை நான்கு வருடமாக என்னுடையது. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. லேபிளில் மூலப்பொருள் ஃபுளுவாசிஃபாப் என்று இருக்கும். புல்லை மட்டும் கொல்லும், அகன்ற இலைப் பயிரை விட்டுவிடும் வகை. இதுவரை மூன்று போத்தல் தீர்ந்திருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்லது. பூசணி மாதிரி களைக்கொல்லிக்குச் சுணங்குகிற பயிர் குறைவு. புல், செடி என்று பார்க்காமல் எல்லாவற்றையும் கொல்லும் கிளைஃபோசேட் காற்றில் ஒரு துளி வந்து பட்டாலே புதுத்துளிர் அடிப்பக்கம் வெளுத்து, சின்னதாகச் சுருங்கி வரும். இந்த மருந்தைப் பூசணி இலைமேலேயே அடிக்கலாம், ஒன்றும் ஆகாது. கொழுப்பு அமிலம் செய்கிற ஒரு நொதியை இது முடக்குகிறது. புல் இனத்தில் அந்த நொதி இதற்கு மாட்டிக்கொள்ளும். பூசணி போன்ற அகன்ற இலைச் செடிகளில் இருக்கும் நொதி வேறு மாதிரி அமைப்பு, அதனால் தப்பித்துக்கொள்கிறது.

அடித்த மறுநாள் போய்ப் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். புல் அப்படியே பச்சையாக நிற்கும். ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். முதல் வருடம் எனக்கு அந்தப் பொறுமை இல்லை. 'காசு போச்சு' என்றே நினைத்தேன். எட்டாம் நாள் மச்சான் குனிந்து ஒரு புல்லின் நடுக்குருத்தை இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்தார். வெண்ணெயிலிருந்து கத்தியை உருவுகிற மாதிரி கையோடு வந்துவிட்டது. அடியில் ஓர் அங்குலம் பழுப்பாக அழுகியிருந்தது, மோந்து பார்த்தால் ஊறிப்போன வைக்கோல் வாசம். வெளியே பச்சை, உள்ளே உயிர் போயாச்சு. அன்றிலிருந்து நான் இலையின் நிறத்தைப் பார்ப்பதில்லை, குருத்தை இழுத்துத்தான் பார்க்கிறேன்.

எங்கள் நிலத்தில் பெரும் தொல்லை ஒரு புல். சிங்கப்பூரில் அடுக்குமாடி புளோக் அடியில், நடைபாதைச் சந்துகளில் எல்லாம் பார்த்திருப்பீர்கள். தட்டையான வெளிறிய அடித்தண்டு, உச்சியில் விரல் விரித்த மாதிரிக் கதிர். கேழ்வரகுக்கு நெருங்கிய சொந்தம், எலூசின் இண்டிகா என்பார்கள். கையால் பிடுங்கினால் தண்டு அறுந்து வேர் மண்ணிலேயே நிற்கும். இதே புல் கிளைஃபோசேட்டுக்குச் சாகாமல் நிற்பது 1997இல் பேராக் மாநிலம் தெலுக் இந்தானில் பதிவாகியிருக்கிறது. மலேசியக் காய்கறித் தோட்டங்களில் ஃபுளுவாசிஃபாப்புக்கே சாகாத செடிகளும் உண்டு என்று படித்த பிறகு, மருந்து அடித்தும் தப்பி நிற்கும் நாலைந்து குத்துகளைக் கதிர் விடுமுன் கொத்திக் கொத்தித் தோண்டி எடுத்துவிடுகிறேன். அதை விட்டால் அடுத்த பருவத்துக்கு அதன் விதைதான் நிலம் முழுக்க இருக்கும்.

இந்த மருந்தின்மேல் எனக்கு இருக்கும் மரியாதைக்கு இன்னொரு காரணம் என் அம்மா. எஸ்டேட்டில் பதினெட்டு வருடம் மருந்து அடித்தவர். அந்தக் காலத்தில் பாராகுவாட் என்ற கடும் விஷக் களைக்கொல்லி. முதுகில் மருந்துத் தோம்பு, காலில் ரப்பர் செருப்பு, வாயில் துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. அம்மாவின் வலது கை நகங்களில் குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்திருக்கும், இரண்டு நகம் முழுசாக வளரவே இல்லை. வேலை முடிந்து வந்தால் சில நாள் மூக்கில் ரத்தம் வரும். அதெல்லாம் அந்த மருந்தால் வருவது என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மலேசியா அதை 2002இல் தடை செய்வதாக அறிவித்து, 2006இல் தளர்த்தி, கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதிதான் முழுசாக நிறுத்தியது. அதனால் நான் மருந்து அடிக்கப் போனால் கையுறை, பூட்ஸ், முழுக்கைச் சட்டை, கண்ணாடி இல்லாமல் தெளிப்பானைத் தொட மாட்டேன். இந்த மருந்து பாராகுவாட் மாதிரி இல்லைதான். ஆனாலும் அம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து நான் கையுறை போடுகிறேனா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கோரை.

கோரை பார்க்கப் புல் மாதிரி இருக்கும், புல் இல்லை. தண்டை விரலிடையில் உருட்டிப் பாருங்கள், மூன்று பட்டை தட்டுப்படும். புல்தண்டு உருண்டையாகவோ தட்டையாகவோ இருக்கும். இனமே வேறு என்பதால் புல்கொல்லி இதை ஒன்றும் செய்யாது. மருந்து வாங்கிய அன்று கடைக்காரரிடம் இரண்டு தடவை கேட்டேன். "கோரையும் சாகும் பாஸ், கொஞ்சம் கூடப் போட்டு அடிங்க" என்றார். அவர் சொன்ன மாதிரி நான் கூடப் போடவில்லை. நல்லவேளை. லேபிள் அளவை மீறுவது சட்டத்துக்கும் புறம்பு, பூசணிக்கும் ஆபத்து. ஆனால் சாகும் என்று நம்பி அடித்தேன். கோரைக்கு ஒரு நுனி கூடக் காயவில்லை.

அது மட்டும் என்றால் பொறுத்துக்கொள்வேன். முதல் வருடம் கோரை வேலியோரம் ஒரு மூலையில் இருந்தது. கொல்லையில் புல் நெருக்கமாக இருந்ததால் அது பரவ இடமில்லை. நான் புல்லைச் சுத்தமாகத் துடைத்தேன். காலி இடம், வெயில், பூசணிக்குப் போட்ட உரம், எல்லாமே கோரைக்குக் கிடைத்தது. இரண்டாம் வருடம் மூன்று வரிசை. மூன்றாம் வருடம் பாதிக் கொல்லை. இப்போது மச்சானின் ஒரு ஏக்கரில் கோரை இல்லாத சதுர மீட்டரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மருந்து தன் வேலையை ஒழுங்காகச் செய்தது, அதில் சந்தேகமே இல்லை. அந்த ஒழுங்கான வேலையின் பலன் கோரைக்குப் போய்விட்டது. எனக்குக் கோபம் அதில்தான்.

போன மாதம் ஒரு குத்தைத் தோண்டினேன். மேலே நாலு இலை. அடியில் கறுப்பாக ஒரு கிழங்கு, அதிலிருந்து கம்பி மாதிரி வேர்த்தண்டு, அரைச் சாண் தள்ளி அடுத்த கிழங்கு, அப்புறம் இன்னொன்று. மண்ணை உதறி எடுத்தபோது ஒரே சரத்தில் ஏழு. ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளை, மூக்குக்கு வந்தது குளியல்பொடி வாசனை. அதே கிழங்குதான். தேக்கா பக்கம் நாட்டுமருந்துக் கடையில் காயவைத்து விற்கிறார்களே, நலங்கு மாவில் சேர்க்கும் கோரைக்கிழங்கு, அதேதான். அம்மா சின்ன வயதில் எங்களைத் தேய்த்துக் குளிப்பாட்டிய பொருளை இன்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு தோண்டுகிறேன்.

மேலே இருக்கும் இலையைப் பிடுங்கினால் சரத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் மற்ற கிழங்குகள் விழித்து முளைக்கும். ஒன்று போய் மூன்று வரும். களை முளைக்காமல் மண்ணை மூடும் சில்வர்ஷைன் பிளாஸ்டிக் விரித்தும் பார்த்தோம். புல் அதற்கடியில் செத்தது. கோரை ஊசி மாதிரி நுனியால் குத்திக்கொண்டு வெளியே வந்தது. பூசணிக் கொடிக்கோ அந்த பிளாஸ்டிக் இடைஞ்சல். கொடி போகிற வழியெல்லாம் கணுவில் வேர் விட்டு மண்ணைப் பிடிக்கும். பிளாஸ்டிக்மேல் அந்த வேர் பிடிமானம் இல்லாமல் காய்ந்துபோகிறது. காற்றடித்தால் கொடி முழுக்க ஒரு பக்கம் சுருண்டு கிடக்கும்.

கோரையை ஓரளவு கேட்கிற மருந்து வேறு உண்டு. ஹாலோசல்ஃப்யூரான் என்பார்கள். அமெரிக்காவில் பூசணியிலும் பயன்படுத்துகிறார்கள், ஆனால் செடி கொஞ்ச நாள் மஞ்சளாகிக் குன்றி நிற்கும் என்கிறார்கள். அங்கே விதை போட்டதும் மண்மேல் அடிக்கும் மருந்துகளும் உண்டு, எத்தால்ஃப்ளூராலினும் குளோமசோனும் கலந்தது. பலத்த மழை வந்தால் அது விதை இருக்கும் ஆழத்துக்கு இறங்கிப் பூசணியையே அடித்துவிடும். நவம்பர், டிசம்பரில் நம்ம ஊரில் கொட்டுகிற மழையை நினைத்தால் அந்தப் பக்கம் போகவே எனக்குத் துணிச்சல் இல்லை. குளோமசோன் பட்டால் இலை காகிதம் மாதிரி வெளுக்கும் என்பது தனி.

இரண்டாம் வருடம் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும், இது மருந்தின் தப்பு இல்லை. வேலியோர லாலான் புல்லுக்குக் கிளைஃபோசேட் அடித்த தெளிப்பானை ஒரே ஒரு தடவை தண்ணீர் விட்டு அலசிவிட்டு, அதிலேயே புல்கொல்லி ஊற்றி அடித்துவிட்டோம். ஐந்து வரிசைப் பூசணி துளிர் வெளுத்துச் சுருண்டது. இரண்டு வரிசை தேறவே இல்லை. அப்புறம் இரண்டு தெளிப்பான் வாங்கினோம். கிளைஃபோசேட்டுக்கு உள்ளதில் சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதென்றால் அந்தச் சிவப்புப் பெயின்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடிக்கும் நேரம்: புல் மூன்று நான்கு இலையில் இருக்கும்போது. அதற்குமேல் வளர்ந்துவிட்டால் பாதி தப்பிக்கும். மண் காய்ந்து புல் வாடி நிற்கும்போது அடிக்காதீர்கள், மருந்து உள்ளே போகாது. நான் மாலையில் அடிக்கிறேன், ஏனென்றால் பூசணிப் பூ விடியலில் திறந்து மதியத்துக்குள் மூடிவிடும், தேனீ வரும் நேரம் அதுதான். அடித்து ஒரு மணி நேரமாவது மழை வரக் கூடாது. அறுவடைக்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்பது லேபிளில் இருக்கும். நான் ஒரு பருவத்துக்கு ஒரு தடவைக்குமேல் அடித்ததில்லை, அதுவும் கொடி ஓடத் தொடங்குமுன். அப்புறம் இன்னொன்று, புல்கொல்லிக்குச் சாகாமல் வரிசைக்கு நடுவில் பருப்புக்கீரை தளதளவென்று நிற்கும். அம்மா ஒரு தடவை முந்தானையில் பறித்து வைத்துவிட்டார். கெஞ்சி வாங்கிக் குழியில் போட்டேன். மருந்து பட்ட கீரை அது, சாகவில்லை என்பதற்காகச் சமைக்கக் கூடாது.

இந்த நான்கு வருடத்தில் என்னை உண்மையிலேயே சந்தோஷப்படுத்தியது மருந்துக் கணக்கில் வராத ஒன்று. பூசணிக்கு முளைத்த முதல் நாலிலிருந்து ஆறு வாரம் களையில்லாமல் காப்பாற்றிக் கொடுத்தால் போதும். அதற்குள் கொடி ஓடி, குடை மாதிரி இலை விரித்து நிலத்தை மூடிவிடும். கோரைக்கு நிழல் ஆகாது. போன பருவத்தில் மச்சான் ஒரு பக்கம் இடைவெளியைக் குறைத்து நெருக்கி நட்டார். அங்கே இலையை விலக்கிப் பார்த்தேன். உள்ளே ஈரமாக, அரை இருட்டாக இருந்தது. கோரை வெளிறிப்போய் நூல் மாதிரி சாய்ந்து கிடந்தது. நட்ட பிறகு அந்த இடத்தில் நான் ஒரு மருந்தும் அடிக்கவில்லை. நடுவதற்கு முன் நிலத்தைக் கொத்தி, கோரை முளைத்து வர விட்டு, மூன்று வார இடைவெளியில் இரண்டு தடவை கிளைஃபோசேட் அடித்துவிட்டு நட்டோம், அவ்வளவுதான். இலைவழி இறங்கி, சரத்தில் ஒட்டியிருக்கும் கிழங்கு வரைக்கும் போகிற மருந்து அது. அறுந்து தனியாகக் கிடக்கும் கிழங்குக்குப் போகாது. அதனால்தான் இரண்டு தடவை.

சரி, அக்காவுக்குப் பதில். புல்லுக்கு இதைவிடச் சுத்தமாக வேலை செய்கிற மருந்தை நான் கையில் எடுத்ததில்லை. சொன்னதைச் செய்யும், பூசணியைத் தொடாது. ஆனாலும் நான் கொண்டுவந்து தர மாட்டேன். களைக்கொல்லியை அனுமதி இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுவரக் கூடாது, அதுவும் லேபிள் இல்லாத போத்தலில் ஊற்றி. ஒரு குழந்தை எடுத்துக் குடித்துவிட்டால் என்ன ஆகும்? நமக்கு ஆளுக்கு இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் பாத்தி. பக்கத்துப் பாத்தியில் ஒருவர் புதினா வைத்திருக்கிறார், இன்னொருவர் எலுமிச்சைப்புல் வைத்திருக்கிறார். எலுமிச்சைப்புல்லும் புல்தான் அக்கா, சாரல் பட்டால் அது போய்விடும்.

நானும் நான்காவது போத்தல் வாங்கப் போவதில்லை. மூன்று போத்தலை இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது அந்த மருந்துக்கு நியாயமா என்று கேட்டால் நியாயமில்லைதான். ஏழு கிழங்குச் சரத்தைக் கையில் பிடித்துப் பார்த்த பிறகு அதற்குக் காசு கொடுக்க மனம் வரவில்லை. வர்ற பருவம் ஏக்கர் முழுக்க நெருக்கி நடுகிறோம். இடையில் வரும் புல்லுக்கு மண்வெட்டி.

அக்கா பாத்தியில் இருப்பது கோரையா புல்லா என்று இன்னும் நான் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வருகிறேன், கொத்து கொண்டுவருகிறேன். அதற்குள் எதையும் பிடுங்கிவிடாதீர்கள். கோரையாக இருந்தால் கிழங்கோடு எடுக்க வேண்டும்.