டிஸ்ட்ரிபியூட்டர் கியர் தேய்மானம்: இரும்பா, வெண்கலமா, மெலோனைஸ்டா, பாலிமரா?

போன டிசம்பரில் நண்பருடைய 350 செவர்லே வி8 எஞ்சினுக்கு, ஸ்பார்க் சரியான நேரத்தில் விழுகிறதா என்று பார்க்க டைமிங் லைட் பிடித்தோம். குறி ஒரு இடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருந்தது. கார்புரேட்டர் மேல் பழியைப் போட்டு ஒரு வாரத்தை வீணடித்த பிறகுதான், ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரை உருவினோம். பெங்களூரு சிவாஜிநகரில் பழைய எஞ்சின்களே கதியென்று கிடக்கும் மெக்கானிக் அண்ணன் கியரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல வெங்காயம் நறுக்கலாம்" என்றார். பற்கள் அந்த அளவுக்குக் கூராகியிருந்தன.

காரணம் எங்கள் அவசரம்தான். வால்வுகளைத் திறந்து மூடும் பழைய வார்ப்பிரும்பு கேம் ஷாஃப்டை எடுத்துவிட்டு பில்லெட் (ஒரே கட்டியில் கடைந்த) ஸ்டீல் ரோலர் கேம் போட்டோம், அந்த கேமோடு பல்லிணைந்து சுற்றும், டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் இருந்த இரும்பு கியரை மட்டும் அப்படியே விட்டுவிட்டோம்.

எந்த கியர் நல்லது என்று கேட்கும் முன் உங்கள் கேம் எந்த உலோகம் என்று பாருங்கள். உருளை இல்லாத தட்டை டேப்பட்டோடு ஓடும் வார்ப்பிரும்பு ஃப்ளாட் டேப்பட் கேமுக்கு வார்ப்பிரும்பு கியர், அவ்வளவுதான். விலை குறைவு, பல வருடம் ஓடும், மாற்றி யோசிக்க வேண்டியதே இல்லை. பின்முனையில் இரும்பு கியரை அழுத்திப் பொருத்திய பில்லெட் கேம்களும் கிடைக்கின்றன. அதற்கும் இதே இரும்பு போதும்.

தலைவலி முழு ஸ்டீல் கேமில்தான். அதற்கு ரேஸ் ஆட்கள் முதலில் சொல்வது வெண்கலம். ஸ்டீலை விட மென்மையானது என்பதால் விலை உயர்ந்த கேமை விட்டுவிட்டுத் தன்னைத் தேய்த்துக்கொள்ளும், தியாகி. ஆயிலில் தங்கப்பொடி போல மினுக்கம் தெரிந்தால் அது கியர் கரைந்த பொடி. நான்கு ஓட்டத்துக்கு ஒருமுறை எஞ்சினையே பிரித்துப் பார்க்கிறவர்களுக்கு இது சரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நந்தி மலை வரை போய்வருகிற வண்டிக்கு இதைப் போடுவது வீண் வேலை என்பேன். வருடா வருடம் வெளிநாட்டிலிருந்து கியர் வரவழைத்து, சுங்கம் கட்டி, கூரியர்காரனுக்குக் காத்திருக்க யாரால் முடியும்? 'பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு லேத்தில் வெட்டிக்கொள்ளலாமே' என்று நண்பர் கேட்டார். கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு வெண்கலத்தில், பல்லின் கோணம் சரியாக வராமல் ஒன்றை வெட்டி மாட்டினால் கேமும் சேர்ந்து போகும். அண்ணன் பதிலே சொல்லவில்லை, ஒரு பார்வை பார்த்தார்.

தெரு வண்டிக்கு என் ஓட்டு மெலோனைஸ்டு ஸ்டீலுக்கு. உப்புக் குளியலில் நைட்ரைடு ஏற்றி மேல்தோலைக் கடினமாக்கிய கியர் இது. தொழிற்சாலை ரோலர் கேம்களோடு ஜெனரல் மோட்டார்ஸே இதைத்தான் போட்டது. அடிக்கடி மாற்ற வேண்டாம். ஆனால் கேம் கம்பெனி தரும் அட்டையில் இந்த உலோகம் ஒத்துவரும் என்று இருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள். பாலிமர் கியரும் ஒன்று உண்டு, காம்ப் கேம்ஸ் விற்கிறது, எந்த கேமோடும் சேரும். பழைய வண்டியை அப்படியே வாங்கி, உள்ளே என்ன கேம் கிடக்கிறதென்றே தெரியாதவர்களுக்கு அதுதான் நிம்மதி. விலைதான் கையைக் கடிக்கும்.

ஆனால் உண்மையான வில்லன் உலோகத்தில் மட்டும் இல்லை என்பது என் கட்சி. இந்த எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டரின் அடிமுனைதான் ஆயில் பம்ப்பைச் சுற்றுகிறது, மேலே ஸ்பார்க்கைப் பங்கிடும் ரோட்டரைச் சுற்ற ஆகும் பாரம் ஒன்றுமே இல்லை, கியரின் 13 பல்லும் சுமப்பதெல்லாம் பம்ப்பைத்தான். 'பெர்ஃபார்மன்ஸ் எஞ்சின்' என்றாலே அதிக ஆயில் தள்ளும் ஹை வால்யூம் பம்ப் போடுவது ஒரு பழக்கம், அதில் பழைய வண்டி என்றதும் கடைக்காரர் நீட்டும் 20டபிள்யூ-50 ஆயிலையும் ஊற்றி, பெங்களூரு டிசம்பர் காலை 15 டிகிரி குளிரில் ஸ்டார்ட் செய்து உடனே ஆக்ஸிலரேட்டரை அமுக்கினால் அந்தப் பல் என்ன பாடுபடும் என்று யோசியுங்கள். ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ ஆயில் அழுத்தம் என்பது பழைய கணக்கு. பேரிங் இடைவெளி சாதாரணமாக இருக்கும் எஞ்சினில் ஸ்டாண்டர்ட் பம்ப்பே அதைத் தந்துவிடும். பேரிங் இடைவெளியைத் தளர்வாக வைத்துக் கட்டிய ரேஸ் எஞ்சினுக்கு ஹை வால்யூம் போடட்டும், நமக்கெதற்கு? நாங்கள் ஸ்டாண்டர்டுக்கே திரும்பினோம், ஆயிலையும் 10டபிள்யூ-40 ஆக்கினோம்.

ஸ்பார்க் நேரத்தை கிராங்க் ஷாஃப்டிலிருந்தே எடுக்கும் கிராங்க் ட்ரிக்கர் போட்டால் ஸ்பார்க் டைமிங் ஆடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பம்ப் அதே கியரில்தானே தொங்குகிறது, தேய்மானம் அப்படியேதான்.

காசில்லாத வைத்தியம் ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. டிஸ்ட்ரிபியூட்டர் உடலின் கீழ்ப் பட்டையில், கேம் கியரைப் பார்த்த பக்கமாக 0.030 அங்குல, அதாவது முக்கால் மில்லிமீட்டர் பள்ளம் ஒன்றை அரத்தால் போட்டால் ஆயில் நேராகப் பல்லின் மேல் பீய்ச்சும். பள்ளம் பெரிதானால் மற்ற இடத்துக்குப் போக வேண்டிய ஆயில் குறைந்துவிடும், அதனால் கை நடுங்காதவரிடம் அரத்தைக் கொடுங்கள்.

மாட்டும்போது மாலிப்டினம் பேஸ்ட்டைப் பற்களில் தாராளமாகத் தடவுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் இறங்கும் முன்பே டிரில் மெஷினால் பம்ப்பைச் சுற்றி ஆயிலை ஏற்றிவிடுங்கள். இன்டேக் மேனிஃபோல்டைச் சீவியிருந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் சற்றுத் தாழ்ந்து உட்காரும், பம்ப் ஷாஃப்ட் மேல் இடித்து நிற்கிறதா என்று பார்த்து அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வையுங்கள். கியர் வாங்கும் முன் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள், 0.491 அங்குலத்திலும் 0.500 அங்குலத்திலும் கியர் வருகிறது. 13 ஒற்றைப்படை என்பதால் கியரை அரைச்சுற்றுத் திருப்பி வைத்து, அதை ஷாஃப்டோடு பிடிக்கும் பின்னை (ஆணியை) அடித்தால் ரோட்டர் அரைப்பல் தள்ளி நிற்கும். கியரில் இருக்கும் சின்னக் குழி ரோட்டர் முனையைப் பார்த்து இருக்க வேண்டும். நாங்கள் முதல் தடவை எதிர்ப்பக்கம் வைத்தோம், பின்னைத் தட்டி எடுத்து மறுபடி அடித்தோம்.