பழைய ஆம்னிக்கு எந்த பிளக்: சாதாவா, இரிடியமா?

1984-இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, பின்னர் ஆம்னி ஆகி, 2019-இல் உற்பத்தி நின்றுபோன அந்த வண்டி இன்றும் நம் ஊர்ச் சாலைகளில் குறைவில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. எஞ்சினில் பெட்ரோலைப் பற்றவைக்கும் மின்பொறியைத் தரும் ஸ்பார்க் பிளக்கை மாற்றும் வேளை வரும்போது, உதிரிபாகக் கடைக்காரர் இப்போதெல்லாம் இரண்டு பெட்டிகளை எடுத்து வைக்கிறார். ஒன்று வழக்கமான நிக்கல் முனை பிளக், மற்றொன்று இரிடியம் முனை பிளக். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரும், மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரும் உள்ள என் பழைய ஆம்னிக்கு நான் சாதா பிளக்கையே போட்டுக்கொண்டேன். மிச்சமான பணத்தில் பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப், அதனுள் சுழலும் ரோட்டார் ஆகியவற்றைப் புதிதாக மாற்றினேன். எனவே இந்த அலசலில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

இரிடியத்தின் பெருமைகள் பலரும் அறிந்தவையே. நிக்கல் சுமார் 1455 டிகிரி செல்சியஸில் உருகும். இரிடியம் உருக 2400 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால் சாதா பிளக்கில் ஏறத்தாழ 2.5 மி.மீ. பருமனாக இருக்கும் நடுமுனையை, இரிடியத்தில் 0.4 அல்லது 0.6 மி.மீ. அளவுக்கு மெல்லியதாகச் செய்ய முடிகிறது. முனை மெலிந்தால் பொறி பாயக் குறைந்த மின்னழுத்தம் போதும். தேய்மானமும் மெதுவாகவே நடக்கும். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கடையில் கிடைக்கும் பல இரிடியம் பிளக்குகளில் நடுமுனை மட்டுமே இரிடியம், எதிரே வளைந்து நிற்கும் முனை நிக்கல்தான். இரண்டு முனைகளிலும் விலையுயர்ந்த உலோகம் வைத்த பிளக்கின் ஆயுளை இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. விலையைப் பொறுத்தவரை, ஓர் இரிடியம் பிளக்கின் காசில் மூன்று சிலிண்டருக்கும் சாதா பிளக் வாங்கிவிடலாம்.

ஆனால் விலையை வைத்து நான் முடிவெடுக்கவில்லை. வயதான எஞ்சினில் பிளக் எதனால் கெடுகிறது என்பதே முடிவைத் தீர்மானித்தது. புதிய எஞ்சினில் பிளக் முனை தேய்ந்து, இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி அகன்று, அதனால் மாற்ற வேண்டி வருகிறது. பழைய எஞ்சினிலோ முனை தேய்வதற்கு வெகு முன்பே ஆயில் வந்து படிந்துவிடுகிறது. ஆயிலைத் தடுத்து நிறுத்தும் வால்வ் சீல் இறுகிப்போனாலோ பிஸ்டன் ரிங் தளர்ந்தாலோ எஞ்சின் ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக எரிகலனுக்குள் கசியும். அது பிளக்கின் பீங்கான் மூக்கில் கரியாகப் படியும். மின்சாரம் இடைவெளியைத் தாண்டிக் குதிக்காமல் அந்தக் கரியின் வழியே சத்தமின்றிக் கடந்துபோகும். ஆயில் குடிக்கும் எஞ்சினுக்கு நீண்ட ஆயுள் பிளக் வாங்குவது, கூரை ஒழுகும் வீட்டில் சுவருக்கு விலையுயர்ந்த வண்ணம் பூசுவதைப் போன்றது. இரிடியம் முனை புதிதுபோலவே இருக்கும், ஆனால் அந்த சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்கும், அதாவது அவ்வப்போது எரியாமல் விட்டுவிடும்.

அப்படிக் கரி பிடித்த சாதா பிளக்கைக் கழற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியைச் சரிசெய்து, மறுபடியும் போட்டு ஓட்டலாம். இரிடியத்தில் இந்த வசதி கிடையாது. மெல்லிய முனையில் கம்பி பிரஷ் பட்டால் அது சேதமடையும். மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் வைப்பதும் தவறு. இடைவெளியைத் திருத்தும்போது நடுமுனையில் நெம்பினால் ஒடிந்தே போகும். அதாவது, அதிக விலை கொடுத்து வாங்கிய பிளக்தான் ஆயில் பிடித்ததும் முதலில் குப்பைக்குப் போகிறது.

இன்னொரு பயனும் உண்டு. அடிக்கடி கழற்றிப் பார்க்கும் பிளக் எஞ்சினின் உடல்நிலையைச் சொல்லிவிடும். பெட்ரோலில் ஓடும் வண்டியில் முனை இளம் பழுப்பாக இருந்தால் நலம். உலர்ந்த கரி மூன்றிலும் ஒரே சீராகப் படிந்திருந்தால் கார்புரேட்டர் பெட்ரோலை அதிகம் ஊற்றுகிறது என்று கொள்ளலாம். ஒன்று மட்டும் எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்து, மற்ற இரண்டும் நன்றாக இருந்தால், அந்த ஒரு சிலிண்டரின் வால்வ் சீலையோ ரிங்கையோ சந்தேகிக்க வேண்டும். இரிடியம் போட்டவர்கள் “இனிப் பல்லாயிரம் கிலோமீட்டருக்குத் தொட வேண்டாம்” என்று விட்டுவிடுகிறார்கள். பழைய வண்டியைத் தொடாமல் விடுவதுதான் எனக்கு ஒப்பாத செயல்.

கழற்றும் சிரமத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஓடும் பழைய டொயோட்டா சியன்னா போன்ற வி6 (ஆறு சிலிண்டர் இரு வரிசையாக உள்ள) வேன்களில் பின்வரிசையின் மூன்று பிளக்குகளும் முன்கண்ணாடிக்கு அடியில் ஒளிந்திருக்கும். பல பாகங்களைப் பிரித்த பிறகே கைக்கு எட்டும். அங்கே கூலி பிளக்கின் விலையை விழுங்கிவிடும் என்பதால் நீண்ட ஆயுள் பிளக்கே நியாயமானது. ஆம்னியில் முன்சீட்டைத் தூக்கினால் எஞ்சின் கண்முன்னே கிடக்கிறது. பிளக் ஸ்பேனர் ஒன்று இருந்தால் வீட்டு வாசலிலேயே வேலை முடிந்துவிடும்.

மிச்சமான பணம் எங்கே போனது என்பதை இப்போது சொல்கிறேன். வயர் பழுதாகியிருந்தால் எந்த பிளக் போட்டும் பயனில்லை. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, எஞ்சின் ஓடும்போது வயர்களைத் தொடாமல் உற்றுப் பார்த்தால், ரப்பர் வெடித்த இடத்தில் நீல நிறத்தில் மின்பொறி கசிவது தெரியும். மழைக்காலத்தில் காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் வண்டிகள் பலவற்றுக்கு இதுவே நோய். அதேபோல் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றி உட்புறத்தைத் துணியால் துடைத்துப் பார்த்தால், இரண்டு முனைகளுக்கு நடுவே பென்சிலால் கிறுக்கியதுபோல் மெல்லிய கருங்கோடு ஓடுவதைச் சில கேப்களில் காணலாம். மின்சாரம் வழிமாறிப் போய்வந்த தடம் அது. சுரண்டிவிட்டால் சில நாள் தாங்கும், பிறகு திரும்பும். கேப்பை மாற்றும்போது ரோட்டாரையும் சேர்த்து மாற்றிவிடுவதே முறை. பாயிண்ட் (பொறிக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் ஸ்விட்ச்) வைத்த மிகப் பழைய வண்டியாக இருந்தால், அதன் பாயிண்ட்டையும் அதோடு இணைந்த கண்டென்சரையும் பார்க்காமல் பிளக்கைக் குறை சொல்வதில் அர்த்தமே இல்லை. என் வண்டியில் ஐட்லிங் (வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் ஓட்டம்) சீரானதற்குப் புது பிளக்கைவிடப் புது வயரே காரணம் என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியதால் அதை உறுதியாகச் சொல்ல முடியாது.

எல்பிஜி வண்டிகளைப் பற்றி அடக்கமாகவே பேச வேண்டும், ஏனெனில் அதில் என் அனுபவம் குறைவு. எரிவாயுக் கலவையில் பொறி பாய அதிக மின்னழுத்தம் தேவைப்படும் என்பது உண்மை. ஆகவே மெல்லிய முனையின் பலன் அங்கே கூடுதலாகத் தெரிய வாய்ப்பு உண்டு. ஆயில் குடிக்காத, ரிங் மாற்றி நல்ல நிலையில் இருக்கும், நாள்தோறும் எல்பிஜியில் நெடுந்தூரம் ஓடும் வண்டி என்றால் இரிடியம் போடுபவரை நான் தடுக்க மாட்டேன். ஆண்டுக்கு ஐந்தாறாயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடி, பதினைந்து ஆண்டு கடந்து பதிவுச் சான்றான ஆர்.சி.யை ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் வண்டிக்கு, வண்டியையே மிஞ்சி வாழும் பிளக் எதற்கு?

எதை வாங்கினாலும், பிளக் வெப்பத்தை எவ்வளவு விரைவாகக் கடத்தும் என்பதைக் காட்டும் வெப்ப எண்ணைப் பார்த்து வாங்குங்கள். என்ஜிகே கம்பெனி பிளக்கில் எண் கூடினால் வெப்பத்தை விரைவாகக் கடத்தும் ‘கூல்’ ரகம்; பாஷ் கம்பெனி பிளக்கில் அப்படியே தலைகீழ். கடையில் “இதுவும் அதேதான்” என்று வேறு கம்பெனி பிளக்கைக் கொடுத்தால் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடாமல், அந்தக் கம்பெனியின் பொருத்தப் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். சிலிண்டர் ஹெட் அலுமினியம் என்பதால் எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே பழைய பிளக்கைக் கழற்ற வேண்டும். புதியதைக் கையாலேயே கடைசிவரை திருகி, வாஷர் அமர்ந்ததும் ஸ்பேனரால் ஏறத்தாழ அரைச் சுற்று கொடுத்தால் போதும். வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மாற்றி, மாட்டிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். மூன்றையும் ஒருசேரப் பிடுங்கிவிட்டால் எது எந்த சிலிண்டருக்கு என்று தேடிக்கொண்டிருக்க நேரும்.