பிரேக் டிஸ்க் மாற்றச் சொன்னால் முதலில் ஹப்பைக் காட்டச் சொல்லுங்கள்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

போன வருஷம் என் காரில் எண்பது வேகத்தில் பிரேக் மிதித்தால் பெடல் காலடியில் துடிக்க ஆரம்பித்தது. ஸ்டியரிங்கும் கூடவே ஆடியது. ராமநாதபுரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். சக்கரத்தைக் கழற்றும் முன்பே, "டிஸ்க் வளைஞ்சிருச்சு சார், ரெண்டையும் மாத்தணும்" என்றார்கள். டிஸ்க், அதை அழுத்திப் பிடிக்கும் பேட், கூலி எல்லாம் சேர்த்து 9,500 ரூபாய். பழைய டிஸ்க்கைக் கேட்டேன். இரும்புக்கடைக்குப் போய்விட்டதாம்.

நாலு மாதம் ஒன்றும் தெரியவில்லை. சுமார் 5,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும். அம்மாவை வைத்துக்கொண்டு பாம்பன் பாலம் இறங்கும்போது அதே துடிப்பு. திரும்பப் போனால், "நீங்க பிரேக்கை ரொம்ப மிதிக்கிறீங்க" என்று சொல்லி இன்னொரு ஜோடி டிஸ்க்குக்கு விலை சொன்னார்கள். பணம் போனதைவிட அந்தப் பேச்சுதான் சுட்டது.

மச்சான் சொல்லி, பரமக்குடியில் வயதான ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். டிஸ்க்கைக் கழற்றியதும் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இங்க பாருங்க." டிஸ்க்கும் சக்கரமும் உட்காரும் நடுப்பகுதிதான் ஹப். அதன் முகம் முழுக்கத் துரு, செதில் செதிலாக. அதைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது டிஸ்க்கை மாட்டியிருந்தார்கள். டிஸ்க் சுற்றும்போது எவ்வளவு ஆடுகிறது என்று அளக்கும் டயல் கேஜை வைத்துச் சுற்றினார். முள் 0.12 மில்லிமீட்டர் ஆடியது. 0.05 தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்றார்.

டிஸ்க் வளையவே இல்லை. துருவின் மேல் கோணலாக உட்கார்ந்ததால், பிரேக் மிதிக்காதபோதும் ஒரே இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேடில் உரசி மெலிந்துவிட்டது. தடிமன் அங்கங்கே மாறினால் பெடல் துடிக்கும். உடனே தெரியாமல் மாதங்கள் கழித்துத் தெரிந்ததும் இதனால்தான். சக்கர நட்டுகளைக் காற்றழுத்தத்தில் முறுக்கும் ஏர் கன்னால் கண்டபடி முறுக்கினாலும் இதே கோளாறு வரும் என்றார்.

ஹப்பைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தார். டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்கு மேல் இருந்ததால் லேத்தில் லேசாகச் சீவினார். நட்டுகளை எதிரெதிராக, இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கினார். 1,800 ரூபாய். எட்டு மாதமாக ஒரு துடிப்பும் இல்லை.

நம் கரையின் உப்புக்காற்றில் ஹப் துருப்பிடிக்கத்தான் செய்யும். அதனால் டிஸ்க் மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பஞ்சர் கடையிலும் ஏர் கன் இல்லாமல் கை ஸ்பேனரால் நட்டை முறுக்கச் சொல்லுங்கள். தனுஷ்கோடி போய் வந்த சூட்டோடு சக்கரத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள். ஆறிய பிறகு நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவுங்கள். அப்புறம், ராத்திரி நிறுத்திய காரில் காலையில் டிஸ்க் செம்பழுப்பாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். நாலைந்து தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். அதைக் காட்டி டிஸ்க் மாற்றச் சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.